எஸ்கில் என்று கூப்பிட்டால் திரும்புகிறவர்

என் அத்தானின் பெயர் கனகசபை. இதை எழுதும்போதே எனக்குக் கை கூசுகிறது. அக்காவைக் கட்டியவரை, என்னைவிட மூத்தவரை, நான் எப்படிப் பெயர் சொல்லுவேன்? எனக்கு அவர் எப்போதும் அத்தான்தான். அக்கா யோகமலரோ தாலி ஏறிய நாளிலிருந்து "இஞ்சருங்கோ" என்ற ஒரு சொல்லை வைத்தே குடும்பம் நடத்துகிறாள். புருசன் பெயரைப் பெண்சாதி வாயால் சொன்னால் அவருக்கு ஆயுள் குறையும் என்பது எங்கள் பக்கத்துப் பெண்களின் பயம். டென்மார்க் வந்து, பிள்ளை பெற்று, வயோதிபர் இல்லத்தில் வேலை செய்து, டேனிஷில் சண்டை பிடிக்கவும் பழகிய பிறகும் அந்தப் பயம் மட்டும் அவளை விட்டுப் போகவில்லை. ஆஸ்பத்திரியில் "உங்கள் கணவர் பெயர் என்ன?" என்று கேட்டால் அவருடைய அட்டையை எடுத்து நீட்டுவாள். அட்டை கையில் இல்லாவிட்டால் என்னைப் பார்ப்பாள். நான் கூரையைப் பார்ப்பேன்.

டேனிஷ்காரரும் அந்தப் பெயரைச் சொன்னதில்லை. ஸ்கீவ நகரத்தில் அவர் வேலை செய்த மட்டித் தொழிற்சாலையில் அவர் "கானா". கொம்மூன் என்கிற நகரசபையிலும் ஆஸ்பத்திரியிலும் அவர் "நல்லதம்பி". அது அவருடைய அப்பாவின் பெயர். எங்கள் வழக்கப்படி தகப்பன் பெயரையும் சேர்த்து எழுதிக் கொடுக்க, அவர்கள் அதைக் குடும்பப் பெயராகப் பிடித்துக்கொண்டார்கள். எப்போதோ செத்துப்போன நல்லதம்பிக்கு டென்மார்க்கில் சீனி வருத்தமும் பிரஷரும் இருக்கிறது என்று நான் பகிடி விடுவேன். அத்தான் சிரிப்பார். மகள் துஷாராவுக்கு அவர் அப்பா. ஆக, கனகசபை என்று ஒருவர் இந்த நாட்டில் இத்தனை காலம் இருந்தார், அவரை யாரும் கூப்பிடவில்லை. முன்பெல்லாம் இது என் மண்டைக்குள் ஏறியதே இல்லை.

கொதிக்கும் மட்டியின் ஆவிக்குள்ளேயே அத்தானின் நல்ல வயது போனது. காலையில் ரப்பர்ச் சப்பாத்தோடு உள்ளே போவார், பின்னேரம் கடல் மணத்தோடு வெளியே வருவார். பென்சன் எடுத்த பிறகு வீட்டில் இருக்க அவருக்குத் தெரியவில்லை. அக்கா சமைக்கும்போது பின்னால் போய் நிற்பார், அவள் திரும்பும்போதெல்லாம் அவரில் முட்டுவாள். "எங்கேயாவது போய்த் தொலையுங்கோவன்" என்று அவள் சொன்னதை ஒரு நாள் உண்மையாகவே எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

போன இடம், நகரத்துக்கு வெளியே, உள்கடல் கரையில் நிற்கும் ஒரு பழைய மாளிகை. வெள்ளைச் சுவர், சுற்றிவர அகழி, அகழிக்கு மேலே எந்நேரமும் மெல்லிய பனிப்புகார். இப்போது அது அருங்காட்சியகம். அங்கே புல் வெட்டக் கைகொடுக்க ஆள் தேடினார்கள். சம்பளம் இல்லை, கோப்பியும் கேக்கும் உண்டு. அத்தான் புல் வெட்டினார். புல் வெட்டி முடித்தபின் பெஞ்சில் இருந்து தண்ணீரைப் பார்ப்பார். தண்ணீரும் வானமும் ஒரே நிறமாகிக் கரை எங்கே என்று தெரியாமல் போகும் நேரம் அவருக்குப் பிடித்தமான நேரம்.

அந்த மாளிகைக்கு ஒரு காலத்தில் சொந்தக்காரன் எஸ்கில் ரோசன்வால். பிரபு, குதிரைப்படைக் கேணல், செத்து முந்நூறு வருசத்துக்கு மேல். அவனுடைய தோல் மேலங்கி ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. அதை அளவெடுத்து ஒரு பிரதி தைத்து, ஜூலை ஞாயிறுகளில் கேணலின் வாழ்க்கையை அறை அறையாக நடித்துக் காட்டலாம் என்று மாளிகைப் பொறுப்பாளர் மரினா நினைத்திருந்தார். தைத்த பிறகுதான் சிக்கல் தெரிந்தது. அந்தக் காலத்துப் பிரபு கட்டையான ஆள். இந்தக் காலத்து டேனிஷ் ஆம்பிளைகள் ஒருவருடைய தோளுக்கும் அது ஏறவில்லை. அங்கி ஆணியில் தொங்கியது.

ஒரு மழை நாள், புல் வெட்ட முடியாமல் உள்ளே நின்ற அத்தான் அதைத் தொட்டுப் பார்த்திருக்கிறார். பிறகு ஒரு கையை விட்டிருக்கிறார். பிறகு மற்றக் கையை. மரினா வந்து பார்த்தபோது கேணல் முழு உடுப்போடு யன்னலடியில் நின்று மழையைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். மரினா வாய் தவறி "எஸ்கில்!" என்றாராம். அத்தான் மெல்லத் திரும்பிப் பார்த்தாராம். பார்த்த பிறகுதான் களவு பிடிபட்டவர் போலக் கழற்றப் பார்த்திருக்கிறார். மரினா விடவில்லை. "நீங்கள் ஒன்றும் பேச வேண்டாம். கூப்பிட்டால் இப்படித் திரும்புங்கள். அது போதும்" என்றாராம்.

அப்படித்தான் எங்கள் அத்தான் டேனிஷ் பிரபுவானார். எனக்கு வந்த சிரிப்பைச் சொல்ல முடியாது. முதல் கோடையில் ஒரு சுற்றுலாக்காரர், கேணல் உண்மையிலேயே மண்ணிறமோ என்று கேட்டாராம். "இன்றைக்கு ஓம்" என்று மரினா சொன்னாராம். மரினாதான் கேணலின் மனைவி கிர்ஸ்தினாகவும் நடிப்பார், கதையும் சொல்லுவார். ஒவ்வொரு அறையிலும் யாரோ "எஸ்கில்!" என்று கூப்பிடுவார்கள், அத்தான் திரும்புவார். நான் போய்ப் பார்த்தேன். பகிடி பண்ணத்தான் போனேன். ஆனால் அவர் திரும்பும்போது சனம் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றது. தொழிற்சாலையில் கூனிப்போன அந்த முதுகு எப்படி அவ்வளவு நேரானது என்று எனக்கு விளங்கவில்லை.

நான் பிராண்டேயில் காற்றாலைகளுக்குப் போல்ட் முறுக்குகிறவன். கனவுக்கும் எனக்கும் வெகுதூரம். இந்த வருசம் பங்குனியில் அத்தானுக்கு நெஞ்சு வலித்து, இரத்தக் குழாயில் அடைப்பு என்று உள்ளே ஒரு சின்ன வலையை வைத்து விட்டார்கள். கார் ஓட்டுவதை அக்கா நிறுத்திப்போட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தப் பக்கம் பஸ்ஸும் இல்லை. அதனால் ஜூலை முழுக்க அவரை ஏற்றி இறக்கும் வேலை என் தலையில் விழுந்தது. பிராண்டேயிலிருந்து புறப்பட்டுப் போய்ப் பிரபுவை மாளிகையில் இறக்கிவிடும் சாரதி நான்.

வழிநெடுக அத்தான் கதைப்பார். வீட்டில் வாய் திறக்காத மனிதர், காருக்குள் எஸ்கிலைப் பற்றி ஓயாமல் கதைப்பார். எஸ்கில் இரண்டாவது பிள்ளை. தகப்பனின் வீடும் காணியும் மூத்தவனுக்குப் போக, இவனை மீசை முளைக்கும் வயதில் ஒல்லாந்துக்குக் கப்பல் ஏற்றிவிட்டார்கள், போர் படிக்க. திரும்பி வந்தவன் பிரெடெரிசியாக் கோட்டையில் நின்றான். சுவீடன்காரன் வந்து கோட்டையைப் பிடித்தபோது கைதியானான். அந்தக் குளிர்காலம் கடல் உறைந்து கல்லாகிப் போக, கைதிகளையும் பனிக்கட்டிக்கு மேலால் நடத்திக்கொண்டு போனார்கள்.

"கால் விறைச்சுப் போச்சு, தம்பி. அந்தக் கோட்டை மேட்டில காத்து அடிச்ச மாதிரி வேற எங்கயும் நான் காணேல்லை" என்றார் ஒரு நாள்.

"ஆருக்கு அத்தான் விறைச்சது? உங்களுக்கோ, எஸ்கிலுக்கோ?"

அவர் யோசித்தார். "ரெண்டு பேருக்கும்தான்."

அது பொய்யுமில்லை. அகதியாக வந்த புதிதில் அத்தானைப் பிரெடெரிசியாவில்தான் கொண்டுபோய் விட்டிருந்தார்கள். வேலை இல்லை, மொழி இல்லை. புல் மூடிய அந்தக் கோட்டை மேட்டில் காலையும் மாலையும் நடப்பதுதான் அவருக்கு வேலை. அவரும் இரண்டாவது பிள்ளை. அவரையும் மீசை முளைத்த கையோடு அனுப்பி வைத்தவர்கள்தான். கார் யன்னலுக்கு வெளியே மஞ்சள் வயல்கள் போகும், காற்றாலைகள் தூக்கக் கலக்கத்தில் சுற்றும், அத்தானின் குரல் அங்கிருந்து இங்கும் இங்கிருந்து அங்கும் போய்வரும். எந்தக் குளிர் எந்த நூற்றாண்டுக் குளிர் என்று எனக்கே பிடிபடாமல் போய்விடும்.

"உண்மையைச் சொல்லுங்கோ அத்தான், உதில என்ன இருக்கு? ஒரு வசனம்கூட இல்லையே உங்களுக்கு?"

"கூப்பிடுகினம். திரும்பிப் பாக்கிறன்" என்றார். "அவ்வளவுதான்."

உதுக்கோ இவ்வளவு பெற்றோல் என்று நான் மனதுக்குள் பொரிந்தேன்.

சண்டை வந்தது கடைசி அறையால். முன்பெல்லாம் கதை, கேணல் தொடையில் குண்டுக் காயத்தோடு நொண்டியபடி வீடு திரும்புவதோடு முடியும். படியில் நின்று கிர்ஸ்தின் கூப்பிடுவாள், அவர் திரும்புவார், சனம் கை தட்டும். இந்த வருசம் மாளிகைக்கு ஏதோ ஒரு நினைவு வருசமாம், கதையை முழுதாகச் சொல்ல வேண்டுமாம். ஐம்பது வயதுக்குள்ளேயே எஸ்கில் காய்ச்சலில் போய்விட்டான், பிள்ளைகளும் இல்லை. பெரிய மண்டபத்தில் அவனைக் கிடத்தி ஊரே வந்து பார்த்தது. ஜூலையின் கடைசி ஞாயிறு, அத்தான் மண்டபத்தில் பிரேதமாகக் கிடக்க வேண்டும்.

அக்கா கரண்டியைக் கீழே போட்டுவிட்டாள்.

"நெஞ்சுக்குள்ள வலை வச்சு இன்னும் காயேல்லை. அதுக்குள்ள பிரேதமாக் கிடக்கப் போறியளோ? சனம் சுத்தி வந்து பாக்க, நானும் பாத்துக்கொண்டு நிக்கிறதோ?"

"நான் கிடக்கேல்லை. எஸ்கில்தான் கிடக்கிறான்."

"எஸ்கில் ஆருக்குத் தாலி கட்டினவனோ, அவள் அழட்டும். எனக்குக் கட்டினது நீங்கள்."

அத்தான் எழும்பிப் போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். வழக்கம் அதுதான். அன்றைக்கு அவர் இருந்தார். "நான் கிடக்காட்டி மரப் பொம்மையை வைப்பினமாம்" என்றார். "அவ்வளவு தூரம் அவனோட வந்துபோட்டு, கடைசியில ஒரு பொம்மையிட்ட விட்டுட்டு வரச் சொல்லுறீரோ?" சொல்லும்போது அவருடைய உதடு நடுங்கியது. மட்டித் தொழிற்சாலையில் கை கிழிந்து வந்த அன்றுகூட நான் அப்படிக் கண்டதில்லை. அக்காவும் கண்டாள். அவளுக்கு அவர் உயிரோடு இருக்க வேண்டும், அவருக்கு அந்த ஒரு காரியம் வேண்டும். இரண்டுக்கும் நடுவில் நான் ஆறிய தேத்தண்ணீரோடு இருந்தேன்.

கடைசியில் அக்கா சம்மதித்தாள், ஆனால் அக்கா சம்மதிப்பது என்றால் நிபந்தனையோடுதான். அடுத்த கிழமை என்னையும் இழுத்துக்கொண்டு மாளிகைக்குப் போய் மரினாவுக்கு முன்னால் நின்றாள். எங்கள் ஊரில் பிரேதத்தைத் தெற்கே தலை வைத்துக் கிடத்துவார்கள். ஆகவே என் போனில் திசை பார்த்து, கட்டிலைத் திருப்பச் செய்தாள். தலைமாட்டில் விளக்கு வைப்பது எங்களுக்குச் சாவுக்கு. ஆகவே மெழுகுதிரிகளை யன்னலுக்குத் தள்ளினாள். வெள்ளைத் துணி கூடாது, சிவப்பு விரியுங்கள் என்றாள். கையை நெஞ்சில் கட்டக்கூடாது, சும்மா பக்கத்தில் கிடக்கட்டும் என்றாள். மரினா எல்லாவற்றுக்கும் ஆவலோடு தலையாட்டினார். கடைசியாக அக்கா ஒரு பையிலிருந்து வீட்டுத் தலையணையை எடுத்தாள். செத்தவனுக்கு எதற்குத் தலையணை என்று கேட்கப் போன நான் அவளுடைய முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டேன்.

சாவின் அடையாளம் ஒன்றுவிடாமல் அக்கா துடைத்தெறிந்த பிறகு அந்த மண்டபத்தில் மிஞ்சியது, மத்தியானம் சாப்பிட்டுவிட்டு ஒரு மனிதர் கண்ணயர வசதியான கட்டில். இது எங்கள் ஒருவருக்கும் அப்போது உறைக்கவில்லை.

கடைசி ஞாயிறு வந்தது. வெளியே புகார் அகழியைத் தாண்டிப் படிவரைக்கும் வந்திருந்தது. ஒவ்வொரு அறையாகப் போனோம். கப்பல் ஏறும் எஸ்கில் திரும்பினான். கோட்டை மேட்டில் நின்ற எஸ்கில் திரும்பினான். காயத்தோடு வந்த எஸ்கில் படியில் திரும்பினான். பிறகு மண்டபத்தைத் திறந்தார்கள். சிவப்புத் துணியில், தோல் அங்கியோடும் சப்பாத்தோடும் அத்தான் கிடந்தார். யன்னலில் மெழுகுதிரிகள். அக்கா என் முழங்கையைப் பிடித்தாள். மற்றக் கை கழுத்தடியில் தாலிக்கொடியை இறுக்கிக்கொண்டிருந்தது.

கிர்ஸ்தினாக வந்த மரினா, "எஸ்கில்" என்று மெல்லக் கூப்பிட்டார். அவர் திரும்பவில்லை. இதுவரை எல்லா அறையிலும் திரும்பியவர் இங்கே திரும்பவில்லை என்பதுதான் நாடகம். பக்கத்தில் நின்ற ஒரு கிழவி கண்ணைத் துடைத்தார். மரினா இன்னும் கூப்பிட்டார், பிறகு தலையைக் குனிந்தார். மணி அடித்தது. மணி அடித்தால் அத்தான் எழும்பிச் சனத்துக்கு வணக்கம் சொல்ல வேண்டும்.

அவர் எழும்பவில்லை.

சனம் காத்திருந்தது. யாரோ கை தட்டத் தொடங்கி நிறுத்தினார்கள். மணியை இன்னொரு முறை அடித்தார்கள். மரினா நாடகக் குரலை விட்டுவிட்டு, "எஸ்கில்?" என்றார், பிறகு அவசரமாக "கானா! கானா!" என்றார். அத்தானின் முகம் மெழுகு வெளிச்சத்தில் யாரோடும் சேராத முகமாக இருந்தது.

அக்கா என் கையை உதறிவிட்டுக் தடுப்புக் கயிற்றைத் தாண்டி உள்ளே போனாள். "இஞ்சருங்கோ" என்றாள். "இஞ்சருங்கோ!" தோளைப் பிடித்து உலுக்கினாள். தடித்த தோல் அங்கிதான் அசைந்தது. ஒரு கணம் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். ஆஸ்பத்திரியில் பார்ப்பாளே, அதே பார்வை. எனக்குப் பதிலாக நீ சொல்லு என்கிற பார்வை. இந்த முறை நான் கூரையைப் பார்க்கவில்லை. ஆனால் அத்தான் என்றுதான் என் வாயில் வந்தது.

அப்போது அவள் குனிந்து, வாழ்க்கை முழுவதும் பயந்த அந்தச் சொல்லைச் சொன்னாள்.

"கனகசபை!"

மண்டபம் முழுக்கக் கேட்டது. "கனகசபை! எழும்புங்கோ!"

அத்தான் திரும்பினார். எல்லா அறையிலும் திரும்பியது போலவே, மெல்ல, குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பிக் கண்ணைத் திறந்தார். திறந்ததும், "சேர்!" என்றார். இடாப்புக் கூப்பிடும்போது பள்ளிக்கூடப் பொடியன் வாத்தியாருக்குச் சொல்லுவானே, அப்படி. சனம் இதுதான் முடிவு என்று நினைத்துக் கை தட்டியது. கிழவி விம்மினார். அக்கா கட்டில் விளிம்பிலேயே இருந்துவிட்டாள். அவளுக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தது. "நித்திரையோ? நித்திரையோ கொண்டனீங்கள்?" என்று கேட்டுக் கேட்டு அவருடைய நெஞ்சில் குத்தினாள். பிறகு நெஞ்சு என்று நினைவு வந்து அந்த இடத்தைத் தடவினாள். நானும் அழுதேன். வெட்கமில்லாமல் எழுதுகிறேன், அழுதேன்.

திரும்பி வரும்போது இருவரும் பின் இருக்கையில் இருந்தார்கள். தலையணை அக்காவின் மடியில். புகாருக்குள் தெருவிளக்குகள் பகலிலேயே எரிந்தன. பாதி வழியில் அத்தான் கதைத்தார்.

"உறைஞ்ச கடலில நடந்துகொண்டிருந்தன். கரையில நிண்டு எஸ்கில், எஸ்கில் எண்டு கூப்பிட்டவை. அவனைத்தானே கூப்பிடுகினம், அவன் போகட்டும் எண்டு நான் நடந்தன். பிறகு இஞ்சருங்கோ எண்டு கேட்டுது. ஊரில எல்லாப் பொம்பிளையளும் அப்பிடித்தானே கூப்பிடுகிறவை, ஆரின்ரையோ மனிசி எண்டு நினைச்சன். நல்ல வெளிச்சம், தம்பி, அந்தப் பனி. குளிரவும் இல்லை. பேந்துதான் என்ர பேர் கேட்டுது. பள்ளிக்கூடத்துக்குப் பிறகு ஒருத்தரும் அப்பிடிக் கூப்பிடேல்லை."

முகம் பார்க்கும் கண்ணாடியில் அக்கா யன்னல் பக்கம் திரும்பி இருந்தாள்.

"இன்னொருக்கால் சொல்லுமன்" என்றார் அத்தான்.

"சும்மா இருங்கோ. ஒருக்கால் சொன்னதுக்கே என்ன நடக்கப்போகுதோ எண்டு எனக்கு நெஞ்சு இடிக்குது."

"சொன்னதாலதானே வந்தனான்."

நான் தெருவைப் பார்த்து ஓட்டினேன். வாழ்க்கையில் முதல் தடவையாக எனக்கு ஒரு பகிடியும் வரவில்லை. மீசை முளைத்த கையோடு வந்த ஒருவர், இத்தனை வருசம் "கானா"வுக்கும் "நல்லதம்பி"க்கும் எழும்பி நின்ற ஒருவர், ஒரு செத்த பிரபுவின் பெயருக்கு ஏன் அவ்வளவு ஆசையோடு திரும்பினார் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

ஸ்கீவவில் அவர்களின் வீட்டு வாசலில் காரை நிறுத்தினேன். அக்கா முன்னால் போய்ப் படியேறிக் கதவைத் திறந்தாள். அத்தான் உள்ளே போகவில்லை. முற்றத்துக் கல்லில், அக்காவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தெருவைப் பார்த்தபடி நேராக நின்றார். கேணல் உடுப்பு இல்லை, அக்கா பின்னிய பழைய கம்பளிச் சட்டைதான். ஆனால் நின்ற நிலை எனக்குத் தெரிந்த நிலை. அக்காவுக்கும் தெரிந்தது.

படியில் நின்றபடி அவள் அவரைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"நீ போ, தம்பி" என்றாள். "நேரம் போகுது."

நான் கார் யன்னலை மேலே ஏற்றிக்கொண்டு புறப்பட்டேன். ஏற்றியதால் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. தெரு முனையில் திரும்புவதற்கு முன் பின்கண்ணாடியில் பார்த்தேன். அக்கா படியில்தான் நின்றாள். அத்தான் திரும்பினார்.